கால்சியம் போன்ற உலோக அயனிகளைக் கவ்விப்பிடிக்கும் ஈடிடிஏவைப் போட்டும், ஸ்டார்ச்சை வெட்டும் நொதியான அமைலேஸ் ஓடுகிறது. அப்படியானால் அதற்குக் கால்சியமே வேண்டாமா?

மார்ச் 4, 2024 – வந்த கேள்வி

எம்.எஸ்சி. இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஜவ்வரிசி ஆலைக்குப் பக்கத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாசிலஸ் பாக்டீரியா. அதன் அமைலேஸை அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படிவாக்கி, டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்து உப்பு அயனிகளை வெளியேற்றுவது) செய்து வைத்திருக்கிறேன். பாஸ்பேட் பஃபர், பிஎச் 7. ஸ்டார்ச்சோடு 5 மில்லிமோலார் ஈடிடிஏ சேர்த்து 50 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டினேன், வேகம் குறையவில்லை. கால்சியம் குளோரைடு சேர்த்தால் கூடவும் இல்லை. மெர்குரிக் குளோரைடு போட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. மெர்காப்டோஎத்தனால் போட்டால் ஏறுகிறது. ஆக இது கால்சியம் தேவைப்படாத நொதி, செயல்மையத்தில் (வெட்டும் வேலை நடக்கும் இடத்தில்) சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது என்று எழுதலாமா? கைடு எழுதச் சொல்கிறார்.

மார்ச் 4, இரவு

எழுதாதீர்கள். நான்கு சோதனைகளில் இரண்டு உங்கள் நொதியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. குழாயில் நடந்த வேறு வேதியியலைத்தான் சொல்கின்றன.

முதலில் பஃபர், அதாவது பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல். பாஸ்பேட்டில் கால்சியத்தைப் போட்டால் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படியும். பிஎச்சும் சூடும் ஏற ஏற இன்னும் சுலபமாக. 5 மில்லிமோலார் சேர்த்ததாக நோட்டில் எழுதியிருப்பீர்கள், கரைசலில் மிஞ்சியது எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. 50 டிகிரியில் பத்து நிமிடம் வைத்த குழாயை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். லேசாகப் பால் கலந்த மாதிரி இருந்தால் விஷயம் அதுதான். அந்தக் கலங்கல் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், கருவி அதையும் நிறம் என்றே எண்ணிக் கணக்கில் சேர்க்கும்.

அடுத்து மெர்காப்டோஎத்தனால். நீங்கள் சொல்லவில்லை, ஆனால் டிஎன்எஸ் முறையில்தான் அளந்திருப்பீர்கள். 1959ல் மில்லர் எழுதிய முறை, நம் ஊர் ஆய்வகங்களில் வேறு எதையும் நான் அதிகம் பார்த்ததில்லை. அதில் என்ன நடக்கிறது? ஸ்டார்ச் வெட்டுப்பட்டு வரும் ஒடுக்கும் சர்க்கரை, டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தை ஒடுக்கி ஆரஞ்சு சிவப்பாக்குகிறது, 540 நானோமீட்டரில் படிக்கிறோம். மெர்காப்டோஎத்தனாலும் ஒடுக்கும் பொருள்தானே. நொதியே இல்லாத குழாயில் அதை மட்டும் போட்டு, டிஎன்எஸ் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பாருங்கள். நிறம் வந்தால் உங்கள் "ஏற்றம்" எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

மற்ற இரண்டும் நாளை.

மார்ச் 5, காலை

மெர்குரி. சிஸ்டீனின் கந்தகத்தோடு அது இறுக ஒட்டும் என்பது உண்மை. ஆனால் மெர்குரி நிறுத்தியது, எனவே செயல்மையத்தில் சிஸ்டீன் என்று தாவ முடியாது. தொழிற்சாலைகளில் மிக அதிகம் புழங்கும் அமைலேஸ்களில் ஒன்று பாசிலஸ் லைக்கெனிஃபார்மிஸுடையது. அதன் முழு நீளத்திலும் ஒரு சிஸ்டீன்கூடக் கிடையாது. ஆல்ஃபா அமைலேஸ் குடும்பத்தில் வேலை செய்வது இரண்டு ஆஸ்பார்டிக் அமிலமும் ஒரு குளுட்டாமிக் அமிலமும். மெர்குரி ஹிஸ்டிடினிலும் ஒட்டும், கார்பாக்சில் தொகுதிகளிலும் ஒட்டும், டிரிப்டோஃபானையும் விடாது. அமினோ அமில வரிசை தெரியாத புரதத்துக்கு மெர்குரியை மட்டும் வைத்து சிஸ்டீன் இருக்கிறது என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 5, இரவு

இப்போது ஈடிடிஏ. இதுதான் உண்மையான விஷயம்.

அமைலேஸ்கள் கால்சியத்தை உள்ளே வைத்திருக்கும் புரதங்கள் என்று 1959ல் வாலி, எட்மண்ட் ஃபிஷர் ஆகியோரின் குழு காட்டியது. (ஃபிஷருக்கு 1992ல் நோபல் கிடைத்தது வேறு வேலைக்கு.) அந்தக் கால்சியம் ஸ்டார்ச்சை வெட்டுவதில்லை. புரதத்தின் இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் உட்கார்ந்து மடிப்பைக் கட்டிப் பிடித்திருக்கிறது. பிடிப்பும் மிக இறுக்கம். அதனால்தான் டயாலிசிஸ் செய்தாலும் போவதில்லை, மேற்கொண்டு கால்சியம் ஊற்றினால் வேகம் கூடுவதும் இல்லை. ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். "சேர்த்தும் கூடவில்லை" என்பதை "தேவையில்லை" என்று படிப்பது இந்தத் துறையில் சர்வசாதாரணம்.

ஈடிடிஏ புரதத்துக்குள் புகுந்து கால்சியத்தைப் பிடுங்கி வருவதில்லை. வாசலில் நிற்கும். கால்சியம் தானாக வெளியே வந்தால் பிடித்துக்கொள்ளும், திரும்ப உள்ளே விடாது. எனவே எல்லாம் கால்சியம் எவ்வளவு அடிக்கடி வெளியே எட்டிப்பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. குறைந்த சூட்டில் மிக மெதுவாக, 70 டிகிரிக்கு மேல் வேகமாக. போனபின் அந்தச் சூட்டில் மடிப்பு குலைந்து புரதம் திரிந்துவிடும், பிறகு கால்சியம் கொடுத்தாலும் பெரும்பாலும் எழுந்திருக்காது.

நீங்கள் கொடுத்தது பத்தே நிமிடம். அதுவும் ஸ்டார்ச் முதலிலிருந்தே கூட இருந்தது. செயல்மையத்தில் ஸ்டார்ச் உட்கார்ந்திருக்கும்போது நொதி இன்னும் உறுதியாக நிற்கும்.

செய்ய வேண்டியது: ஸ்டார்ச் இல்லாமல், நொதியையும் ஈடிடிஏவையும் மட்டும் சேர்த்து 60 அல்லது 70 டிகிரியில் வையுங்கள். இடைவெளி விட்டு விட்டுக் கொஞ்சம் எடுத்து, நன்றாக நீர்க்கவைத்து, மிச்சமிருக்கும் வேகத்தை அளங்கள். பக்கத்திலேயே ஈடிடிஏ இல்லாத குழாய் ஒன்று, ஈடிடிஏவும் அதைவிடக் கூடுதல் கால்சியமும் சேர்த்த குழாய் ஒன்று. மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வாருங்கள், கால்சியம் வேண்டாத நொதி என்று பேசுவோம்.

மார்ச் 6

"அப்போ பேப்பர்களில் வரும் அந்த உலோக அயனி டேபிள் எல்லாம் பொய்யா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொய் இல்லை. எல்லா உப்பும் 5 மில்லிமோலார், எல்லாம் ஒரே பஃபர், ஒரு வரிசை சதவீதங்கள், கீழே ஆய்வுரை. நானும் அப்படி ஒரு டேபிள் போட்டுத்தான் பட்டம் வாங்கினேன். அந்த எண்களில் நொதி பாதி, குழாய் பாதி. ஃபெரிக் குளோரைடு கரைசலே அமிலம், பஃபர் பலவீனமானால் பிஎச் இறங்கும். பிறகு "இரும்பு தடுக்கிறது" என்று எழுதுவோம். சில்வர் நைட்ரேட்டை குளோரைடு இருக்கும் குழாயில் போட்டால் வெள்ளையாக அடியில் கிடக்கும். பிறகு "வெள்ளி பாதிக்கவில்லை".

மார்ச் 8

சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டது வேறு கோணம், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது: "டீசைசிங் தொட்டியில் போர் தண்ணி விட்டபோது கஞ்சி நன்றாகப் போனது. இப்போது ஆர்ஓ தண்ணி. தண்ணி நல்லாத்தானே ஆகியிருக்கு, கஞ்சி ஏன் போக மாட்டேங்குது?"

வெளியாட்களுக்காக: நெய்வதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், பெரும்பாலும் மரவள்ளி மாவோ வேறு ஸ்டார்ச்சோ. நெய்த காடா துணிக்குச் சாயம் ஏற்றும் முன் அந்தக் கஞ்சியை எடுத்தாக வேண்டும், அதற்கு பாக்டீரியா அமைலேஸ். திருப்பூர் பின்னலாடையில் இந்தத் தொல்லை இல்லை, பின்னலுக்குக் கஞ்சி கிடையாது. ஈரோடு, கரூர் பக்கம் நெசவுத் துணியில்தான் இந்தப் பாடு.

நான் இப்போது வேலை செய்வது இந்த மாதிரி இடத்தில்தான், இதே கதையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். துணியின் கரை ஓரத்தில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு வெட்டி அயோடின் சொட்டு வைப்போம். கஞ்சி போயிருந்தால் அயோடினின் வெளிர் மஞ்சள் அப்படியே நிற்கும். அரைகுறையாகப் போயிருந்தால் ஊதா, பழுப்பு. போகவே இல்லை என்றால் சொட்டு விழுந்த நொடியில் கருநீலம், இழை இழையாகப் பாவின் திசையில் ஓடும். டெகேவா அளவுகோலில் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள், 9 என்றால் சுத்தம். ஆர்ஓ தண்ணிக்கு மாறியபின் கரை ஓரம் ஊதாவாகவும் நடு கருநீலமாகவும் வந்தது. ரெசிப்பி அப்படியே பழையது, என்சைமும் பழையதே.

ரெசிப்பியை வரி வரியாகப் பார்த்தால் என்சைம், வெட்டிங் ஆயில் (துணியை நனையவைப்பது), உப்பு, அப்புறம் ஒரு லிட்டருக்கு 1 கிராம் சீக்வெஸ்ட்ரிங் ஏஜென்ட் (ஈடிடிஏ மாதிரி உலோக அயனிகளைக் கட்டும் பொருள்). அந்தக் கடைசி வரி ஸ்கவரிங் (கஞ்சி எடுத்தபின் காஸ்டிக்கில் சுத்தம் செய்வது) ரெசிப்பியிலிருந்து எப்போதோ யாரோ "இருக்கட்டும்" என்று இங்கே கொண்டுவந்தது.

அது ஈடிடிஏ என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். டைசோடியம் ஈடிடிஏவின் மூலக்கூறு எடை 372. லிட்டருக்கு 1 கிராம் என்றால் 2.7 மில்லிமோலார். தண்ணீரின் கடினத்தன்மையில் 100 பிபிஎம் என்பது 1 மில்லிமோலார். ஆக அந்த 1 கிராம், 270 பிபிஎம் கடினத்தன்மையை விழுங்கிவிடும். போர் தண்ணி 600 பிபிஎம் என்றால் விழுங்கியதுபோக பாதிக்கு மேல் மிச்சம், நொதிக்குக் குறையே இல்லை. அதே ரெசிப்பியை 20 பிபிஎம் ஆர்ஓ தண்ணியில் போட்டால்? விழுங்க வேறு எதுவும் இல்லாமல் ஈடிடிஏ அமைலேஸின் கால்சியத்துக்காகக் காத்திருக்கும். 70 டிகிரியில், துணி முழுக்க ஊறும் நேரம்வரை. போர் தண்ணியின் கடினத்தன்மைதான் இத்தனை வருஷம் அந்தத் தவறான ரெசிப்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அண்ணா, உங்கள் டப்பாவில் இருப்பது ஈடிடிஏவா, பாஸ்போனேட்டா, பாலிஅக்ரிலேட்டா, எத்தனை சதவீதம் என்று பாருங்கள், கணக்கு அதற்கேற்ப மாறும். எதுவானாலும் டீசைசிங்கிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த தொட்டியில், காஸ்டிக்கோடு போடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை. ஆர்ஓ தண்ணிக்கு லிட்டருக்கு 0.15 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் போட்டால் 1 மில்லிமோலார் ஆகிவிடும், போதும். வெட்டிங் ஆயில் அயனித்தன்மை இல்லாததாக இருக்கட்டும், சில ஆனயானிக் வகைகள் சூட்டில் புரதத்தைக் குலைத்துவிடும்.

மார்ச் 8, இன்னும் ஒன்று

கஞ்சியில் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பசை) கலந்திருந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. அமைலேஸுக்கு பிவிஏ கண்ணிலேயே படாது. கஞ்சி போட்டவரிடம் கேட்டுவிட்டு என்சைமைத் திட்டுங்கள்.

மார்ச் 9

"ரெசிப்பியில் சாதா உப்பு எதற்கு?" நல்ல கேள்வி. லைக்கெனிஃபார்மிஸ் அமைலேஸின் அமைப்பை 1998ல் மாக்கியஸ் குழு வெளியிட்டபோது உள்ளே கால்சியம், சோடியம், கால்சியம் என்று மூன்று அயனிகள் வரிசையாக இருந்தன. அதைப் படித்ததும் "ஆகா, பட்டறைக்காரர்கள் போடும் உப்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது" என்று தோன்றியது. ஆறப்போட்டு யோசித்தால் அவ்வளவு சுலபம் இல்லை. அந்த ஒரு சோடியத்துக்கு லிட்டருக்குக் கிராம் கணக்கில் உப்பு தேவைப்படாது, எந்தத் தொட்டியிலும் சோடியம் எப்படியும் இருக்கும். தவிர, இந்த ரெசிப்பி அந்தப் படத்தைவிட வயதானது, பழைய வகை அமைலேஸ்களுக்காக எழுதப்பட்டது. உப்பு பொதுவாகப் புரதத்தின் உறுதியைக் கொஞ்சம் கூட்டலாம். ஸீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாத முறை) பார்க்கும் பட்டறைகளில் ஒவ்வொரு கிராம் உப்பும் எவாப்பரேட்டருக்குப் போகிற செலவு. சிறு துணியில் உப்போடும் உப்பில்லாமலும் ஓட்டி அயோடின் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மார்ச் 11

கால்சியம் நல்லது என்று நான் பிரசாரம் செய்வதாக ஒருவர் கிண்டல் செய்கிறார். சரி, எதிர்ப்பக்கம்.

சோள ஸ்டார்ச்சிலிருந்து ஃபிரக்டோஸ் சிரப் செய்யும் ஆலையில் முதல் கட்டம் இதே அமைலேஸ், 105 டிகிரி வரை சூடு, கொஞ்சம் கால்சியம். அடுத்து பூஞ்சையின் குளுக்கோஅமைலேஸ். மூன்றாவது குளுக்கோஸ் ஐசோமெரேஸ், அதுவும் பாக்டீரியாவுடையது. இதற்கு வேண்டியது மக்னீசியம், சில வகைகளுக்குக் கோபால்ட்டும் பிடிக்கும். கால்சியம் வந்தால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையைக் கெடுக்கும். அதனால் முதல் கட்டத்தில் போட்ட கால்சியத்தை அயனிமாற்றுப் பிசினில் விட்டு எடுத்துவிட்டு, மக்னீசியம் சேர்த்துத்தான் மூன்றாவது கட்டத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஆலை, ஒரே குழாய் வரிசை, முதல் தொட்டியில் மருந்தாக இருந்தது மூன்றாவதில் விஷம். புதிய அமைலேஸ் வகைகள் மிகக் குறைந்த கால்சியத்தில் ஓடும்படி மாற்றப்பட்டதற்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம்.

இன்னொன்று பெக்டேட் லையேஸ், பருத்தியின் மேல்தோலில் இருக்கும் பெக்டினை எடுக்க பயோஸ்கவரிங்கில் போடுவது. அங்கே கால்சியம் மடிப்பைப் பிடிக்க அல்ல, வெட்டும் வேலைக்கே வேண்டும். அதில் ஈடிடிஏ சேர்த்தால் காத்திருப்பு எல்லாம் கிடையாது, உடனே நிற்கும். ஆனால் என்சைம் வேலையை முடித்தபின் ஈடிடிஏ போட்டால் மிச்சமிருக்கும் பெக்டினைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தைக் கழற்றி, அதைக் கழுவி வெளியேற்ற உதவும். எதை எப்போது ஊற்றுகிறோம் என்பதுதான் எல்லாம்.

மார்ச் 12

பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுக்கும் சோதனை) பேண்ட் வரவில்லை என்று கேட்ட டயக்னாஸ்டிக் லேப்காரருக்கு, சுருக்கமாக. அங்கே நகலெடுக்கும் டாக் பாலிமரேஸும் பாக்டீரியா நொதிதான், வேண்டியது மக்னீசியம். கிட்டில் 1.5 மில்லிமோலார். டிஎன்டிபி (டிஎன்ஏ கட்டும் நான்கு மூலப்பொருள்கள்) ஒவ்வொன்றும் 0.2 என்றால் நான்கும் சேர்ந்து 0.8, அது ஏறக்குறைய தன் பங்கு மக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நீங்கள் டிஎன்ஏவைக் கரைத்தது 1 மில்லிமோலார் ஈடிடிஏ உள்ள டிஈ பஃபரில். அதில் 10 மைக்ரோலிட்டரை 25 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷனில் விட்டால் இன்னும் 0.4 போச்சு. நொதிக்கு மிச்சம் 0.3. பேண்ட் (ஜெல்லில் தெரிய வேண்டிய டிஎன்ஏ கோடு) வராததற்கு ப்ரைமரைக் குறை சொல்லாதீர்கள். டிஎன்ஏவைத் தண்ணியில் எடுங்கள், அல்லது குறைவாக விடுங்கள். மக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீஸ் போடலாமா என்றால், ஓடும், ஆனால் பிழைகள் கூடும். வேண்டுமென்றே மாறுதல்கள் உண்டாக்க நினைப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

மார்ச் 14

ஈடிடிஏவை எதிரியாகவே காட்டிவிட்டேன் போல. மருத்துவமனை மைக்ரோபயாலஜி லேபில் அது கருவி. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவின் என்டிஎம்-1 மாதிரி நொதிகள் கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளை உடைப்பது துத்தநாகத்தை வைத்து. இமிபெனெம் (ஒரு கார்பபெனெம்) வட்டு ஒன்று, அதோடு ஈடிடிஏ சேர்த்த வட்டு இன்னொன்று, இரண்டையும் தட்டில் வைத்தால் இரண்டாவதைச் சுற்றி வளர்ச்சி இல்லாத வளையம் கணிசமாகப் பெரிதாகும். துத்தநாகம் பறிபோனதும் நொதி படுத்துவிட்டது என்று அர்த்தம். 2010ல் இந்த நொதி பெரிய செய்தியானபோது வந்த ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. 2014ல் பூஞ்சையிலிருந்து கிடைத்த ஆஸ்பெர்ஜில்லோமராஸ்மின் என்ற பொருளும் துத்தநாகத்தை எடுத்தே என்டிஎம்மை முடக்குவதாகக் காட்டினார்கள். ஈடிடிஏவையே மருந்தாகக் கொடுக்கலாமே என்று கேட்காதீர்கள், அது உங்கள் ரத்தத்துக் கால்சியத்தையும் சேர்த்தே பிடிக்கும்.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். நொதி இல்லாமலே மெர்காப்டோஎத்தனால் குழாய் சிவந்ததாம். பாஸ்பேட்டை விட்டு டிரிஸ் என்ற பஃபருக்கு மாறி, 70 டிகிரியில் ஈடிடிஏவோடு வைத்ததில் வேகம் சரிந்துகொண்டே போகிறது, கூடுதல் கால்சியம் உள்ள குழாய் நிற்கிறது. நல்லது, ஆனால் டிரிஸ்ஸில் ஒரு பள்ளம் உண்டு. டிகிரிக்கு 0.028 வீதம் அதன் பிஎச் இறங்கும். அறைச்சூட்டில் 25 டிகிரியில் 8 என்று வைத்தது 70 டிகிரியில் ஏறக்குறைய 6.7. மூன்று குழாய்களும் ஒரே டிரிஸ்தான் என்பதால் ஒப்பீடு கெடவில்லை, ஆனால் "பிஎச் 8ல்" என்று எழுதாதீர்கள். மோப்ஸ் அல்லது ஹெப்பீஸ் பஃபர் கிடைத்தால் மாறுங்கள், சூட்டுக்கு அவை ஏறக்குறைய பாதிதான் நகரும்.

தீசிஸில் இப்படி எழுதலாம்: "ஸ்டார்ச் இல்லாத நிலையில், உயர் வெப்பத்தில், ஈடிடிஏ இந்நொதியைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்கிறது. கூடுதல் கால்சியம் இதைத் தடுக்கிறது." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். கைடு கேட்டால் வரைபடத்தைக் காட்டுங்கள். மெர்குரி டேபிளில் இருக்கட்டும், சிஸ்டீன் என்ற சொல் மட்டும் எங்கும் வரக்கூடாது. மெர்குரி போட்ட குழாய்களை சிங்க்கில் கொட்டாமல் தனி பாட்டிலில் சேர்த்து லேபிள் ஒட்டிக் கொடுங்கள்.

மார்ச் 21

துணி சோப்பில் வரும் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) பற்றிக் கேட்டவருக்கு: சப்டிலிசின், அதற்கும் கால்சியம் மடிப்பைப் பிடிக்கும் ஆள். சோப்புத்தூளில் தண்ணியின் கால்சியத்தைக் கட்ட ஜியோலைட்டோ பாஸ்பேட்டோ போட்டாக வேண்டும். ஆக நொதியும் பில்டரும் (அந்தக் கால்சியம் கட்டும் பொருள்) ஒரே அயனிக்கு இழுபறி. ப்ளீச் இருந்தால் சப்டிலிசினின் 222ஆம் இடத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேகம் விழும். 1985ல் எஸ்டெல், கிரேகார், வெல்ஸ் மூவரும் அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றி, ப்ளீச்சைத் தாங்கும் வகையைக் காட்டினார்கள். திரவ சோப்பில் இன்னொரு தலைவலி, பாட்டிலுக்குள்ளேயே புரோட்டியேஸ் மற்ற நொதிகளைத் தின்னும், தன்னையும் தின்னும். போரேட்டும் புரோபிலீன் கிளைக்காலும் சேர்த்து அதைத் தற்காலிகமாகத் தூங்கவைப்பார்கள், வாளியில் தண்ணி சேர்ந்து நீர்த்ததும் போரேட் கழன்று நொதி எழுந்துவிடும். அதையும் போர் தண்ணியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்: 600 பிபிஎம் தண்ணியில் உங்கள் சோப்பு நுரைக்காததற்கு நொதி காரணம் இல்லை, சர்ஃபாக்டன்ட் (அழுக்கை எடுக்கும் நுரைப்பொருள்) கால்சியத்தோடு கட்டிக்கொண்டு படிந்துவிடுகிறது.